கியர்பாக்ஸ் போனால் ஓட்டுநர் சம்பளத்தில் பிடிக்கலாமா?



விலைவாசி, வரி, கடை வாடகை, ஆன்லைன் வியாபாரம் என்று நமது இதழில் எத்தனையோ பொருள்களைப் பற்றி எழுதுகிறோம், படிக்கிறோம். ஆனால் கடை வாசலில் நிற்கும் பிக்அப் வண்டியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. 2005ஆம் ஆண்டு "குட்டி யானை" என்று நம் மக்கள் செல்லப் பெயர் வைத்த சிறிய சரக்கு வண்டி வந்த பிறகு, லாரிக்காரரைக் காத்திருந்த காலம் போய், மளிகைக் கடைக்காரரே சொந்த வண்டி வைத்துக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. அதைவிடப் பெரிய பிக்அப் வண்டிகளையும் மொத்த வியாபாரிகளில் பலர் வாங்கிவிட்டோம். வண்டி வாங்கினோமே தவிர, வண்டி வைத்துக்கொள்ளும் முறையை நாம் கற்றுக்கொள்ளவில்லை என்பதே நமது கருத்து.

இந்த வண்டிகளில் நம் பணத்தை அதிகம் விழுங்குவது கிளட்சும் கியர்பாக்ஸும்தான். அவை பழுதானதும் நம்மில் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம் ஓட்டுநரைத் திட்டுவது. இரண்டாவது காரியம், அவர் சம்பளத்தில் பிடித்தம் செய்வது. இது சரியா என்று யோசிக்கும்படியான அனுபவம் நமக்கே நேர்ந்தது. மறைக்காமல் எழுதுகிறோம். மற்றவர்களுக்காவது பயன்படட்டும்.

தீபாவளி நேரத்துச் சிக்கனம்

2023ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் கடைகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் ஏற்றிக்கொண்டு நமது பிக்அப் மலை ஏறிக்கொண்டிருந்தது. மழைக்காலம். பாதி மலையில், நமக்குத் தெரிந்த வேறொரு வியாபாரியின் வண்டி சரக்கோடு நின்றுவிட்டது. டீசல் ஏறவில்லை. அவர் நமக்குக் கைப்பேசியில் பேசினார்: "அண்ணாச்சி, உங்க வண்டி மேலதானே போகுது? பெருமாள்மலை வரைக்கும் கொஞ்சம் இழுத்து விடச் சொல்லுங்க. கிரேன்காரர் 4,000 ரூபாய் கேட்கிறார்."

பண்டிகை நேரம், தெரிந்த மனிதர், எப்படி மறுப்பது? சரி என்று சொல்லி ஓட்டுநரைக் கூப்பிட்டோம். அவர் தயங்கினார். "முதலாளி, நம்ம வண்டியிலயே சரக்கு கூடுதலா இருக்கு. பின்னால அதையும் கட்டி ஏத்துனா கிளட்ச் தாங்காது. கிரேனுக்கே சொல்லிருங்க" என்றார். "முதல் கியரில் மெதுவாகப் போ தம்பி, ஒன்றும் ஆகாது" என்று நாம் உத்தரவு போட்டோம். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு மலை ஏறுவது சுலபம்தானே.

கயிறு கட்டி 14 கிலோமீட்டர் இழுத்தார். இறங்கி வந்தபோதே கிளட்ச் கருகிய நாற்றம் அடித்ததாகச் சொன்னார். நாம் காதில் வாங்கவில்லை. அடுத்த நாளிலிருந்து மேட்டில் என்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை. பிறகு மூன்றாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வரத் தொடங்கியது. தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது வண்டி நின்றேவிட்டது. பட்டறையும் பண்டிகைக்கு அடைத்துவிட, ஒன்பது நாள் வண்டி இல்லை.

கணக்கைப் பாருங்கள். கிளட்ச் செட்டும் கியர்பாக்ஸ் வேலையும் சேர்த்து 38,500 ரூபாய். வாடகை வண்டி நாளொன்றுக்கு 2,500 வீதம் ஒன்பது நாளைக்கு 22,500 ரூபாய். ஆக 61,000. நண்பருக்கு 4,000 ரூபாய் கிரேன் செலவை மிச்சப்படுத்தப் போய் நாம் 61,000 ரூபாய் கொடுத்தோம். இது வியாபாரமா?

இந்த நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது என்று பார்த்தோம். "அரை கிளட்சிலேயே ஓட்டிக் கெடுத்துவிட்டாய்" என்று ஓட்டுநரைச் சொன்னோம். மாதம் 3,000 வீதம் நான்கு மாதத்தில் 12,000 ரூபாய் பிடிப்பது என்று முடிவு செய்தோம். டிசம்பர், ஜனவரி இரண்டு மாதம் பிடித்தோம். பிப்ரவரி முதல் தேதி அவர் வண்டிச் சாவியைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு, "வர்றேன் முதலாளி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏழு ஆண்டுகள் நம்மிடம் இருந்தவர். ஒரு தடவைகூடச் சரக்கில் குறைவு வந்ததில்லை.

புது ஓட்டுநர், அதே பழுது

புது ஓட்டுநரை வைத்தோம். நல்ல அனுபவசாலி. 2024 ஆகஸ்டில் அதே மூன்றாவது கியர் மறுபடியும் கழன்று வந்தது. புது ஆளையும் திட்டத் தயாராகப் பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் பாய் கியர்பாக்ஸைப் பிரித்து ஒரு சாக்கில் பரப்பி வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, டிரைவர் மாறிட்டாரு. கியர்பாக்ஸ் உள்ளே எல்லாம் மாத்திக் கொடுத்தேன். மாறாதது ஒண்ணே ஒண்ணுதான். நீங்க ஏத்துற லோடு" என்றார்.

ஒரு தட்டில் வடித்து வைத்திருந்த எண்ணெயைக் காட்டினார். கறுத்துப்போய், அதில் மஞ்சள்தூள் கலந்தாற்போல மினுமினுப்பு. பித்தளைத் துகள் அது. அவர் விளக்கியதை நமக்குப் புரிந்த அளவில் சொல்கிறோம்.

கியர் மாற்றும்போது ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ள வேண்டிய இரண்டு பாகங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, சத்தமில்லாமல் பூட்ட வைப்பது பித்தளை வளையம். இதைத்தான் மெக்கானிக்குகள் சிங்க்ரோ ரிங் என்கிறார்கள். அது தேய்ந்தால் கியர் மாற்றும்போது "கரகர"வென்று அரைக்கும். அரைக்க அரைக்கப் பூட்டும் பற்களின் முனை மழுங்கும். மழுங்கிய பல்லில் பாரம் விழும்போது பிடிப்பு நிற்காது. கியர் வெளியே தள்ளிவிடும். பேரிங் தேய்ந்து ஷாப்ட் ஆடினாலும் இதே கதைதான்.

இதை எல்லாம் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் எண்ணெய் ஒன்றுதான். நமது வண்டியில் பின்பக்க ஆயில் சீல் பல மாதமாகக் கசிந்திருக்கிறது. வண்டி நிற்கும் இடத்தில் தரையில் எண்ணெய்க் கறை இருந்ததை நாமே பார்த்திருக்கிறோம். எண்ணெய் வியாபாரம் செய்யும் நாம், டின்னில் 100 கிராம் குறைந்தால் கம்பெனிக்குப் போன் போடுகிறோம். சொந்த வண்டியின் கியர்பாக்ஸில் பாதி எண்ணெய் குறைந்தது நமக்குத் தெரியவில்லை.

"அன்னைக்குக் கயிறு கட்டி இழுத்ததுதான் காரணமா பாய்?" என்று கேட்டோம். "அது கடைசி அடி. அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா அடிச்சுக்கிட்டே இருந்தீங்க" என்றார். நமக்கு வாய் அடைத்துவிட்டது.

தராசில் வைத்துப் பார்ப்போம்

நாம் வியாபாரிகள். எடைக் கணக்கு நமக்குக் கைவந்தது. ஆனால் வண்டிக்கு மட்டும் அந்தக் கணக்கைப் போடுவதில்லை. அன்றிரவு ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தோம்.

நமது வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,800 கிலோ. காலி எடை 1,600 கிலோ. மிச்சம் 1,200 கிலோ. "அப்படியானால் 1,200 கிலோ சரக்கு ஏற்றலாம்" என்று நினைத்தால் அதுவும் தவறு. ஓட்டுநரும் சுமை இறக்குபவரும் அந்த மொத்த எடைக்குள் அடக்கம். இருவருக்கும் 140 கிலோ கழித்தால் 1,060 கிலோ. இப்போது வரும் 26 கிலோ அரிசிச் சிப்பமாக இருந்தால் 40 சிப்பம்தான்.

அன்றைக்கு நாம் ஏற்றியது 52 சிப்பம் அரிசி. அது 1,352 கிலோ. அதன் மேல் 15 கிலோ எண்ணெய் டின் 20. அது 300 கிலோ. ஆக 1,652 கிலோ. ஏறக்குறைய 590 கிலோ அதிகம். வண்டி ஆள் சரக்கு எல்லாம் சேர்த்து 3,400 கிலோ அளவுக்கு வந்துவிட்டது. பின்னால் கட்டிய வண்டி பாதிச் சரக்கோடு 2,600 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.8 டன்னுக்குச் செய்த கிளட்ச் 6 டன்னை மலை ஏற்றியிருக்கிறது.

100 அடி ஓடினால் 6 அடி உயரும் சரிவில், ஒவ்வொரு டன்னுக்கும் ஏறக்குறைய 60 கிலோ எடையைத் தூக்கும் அளவு இழுவை வேண்டும். சக்கரம் உருளும் தடை இதற்கு மேல் தனி. 2.8 டன்னுக்கு 168 கிலோ. 6 டன்னுக்கு 360 கிலோ. இரு மடங்குக்கும் மேல். கொண்டை ஊசி வளைவில் நின்று மறுபடி கிளம்பும்போது, கிளட்ச் பிளேட் வழுக்கிக்கொண்டேதான் பிடிக்கும். பாரம் இரட்டித்தால் வழுக்கும் நேரமும் நீளும். வழுக்கும் ஒவ்வொரு நொடியும் சூடு. அந்தச் சூட்டில்தான் பிளேட் கருகுகிறது, பிரஷர் பிளேட் கோணுகிறது. கயிறு தொய்ந்து மறுபடி விறைக்கும்போது விழும் வெட்டு இழுப்பு, கிளட்ச், கியர் பல், புரொபெல்லர் ஷாப்ட் எல்லாவற்றிலும் சம்மட்டியால் அடிப்பது போல இறங்கும்.

மயிலிறகுதான் என்றாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை வலியறிதல் அதிகாரத்திலேயே வள்ளுவர் சொல்லி வைத்தார். நாம் ஏற்றுவது மயிலிறகு அல்ல, அரிசி மூட்டை.

சட்டமும் சும்மா இல்லை. 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். அதிகச் சரக்கை இறக்கி வைக்கும் செலவும் நம்முடையதே. ஒரு நடைக்கு 500 ரூபாய் டீசலை மிச்சப்படுத்தப் பார்த்து 20,000 ரூபாயைப் பணயம் வைக்கிறோம்.

கயிறு கட்டி இழுக்கும் வழக்கம்

ஒருவர் வண்டி நின்றால் மற்றவர் இழுத்து உதவுவது நல்ல குணம்தான். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் எதற்கும் ஒரு முறை உண்டு.

1989ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே இதற்கு வரைமுறை இருந்தது. பழுதான வண்டியை அருகிலுள்ள பட்டறைக்கோ பெட்ரோல் பங்குக்கோதான் இழுத்துச் செல்லலாம். இழுக்கப்படும் வண்டியிலும் லைசென்ஸ் உள்ள ஒருவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. பின்னால் வருபவருக்குத் தெரியும்படி அறிவிப்புப் பலகை வேண்டும். மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது என்று சொன்னார்கள். 2017ல் சாலை விதிமுறைகள் புதிதாக எழுதப்பட்டபோதும் மெதுவாக, குறுகிய தூரம், அறிவிப்போடு என்ற கருத்து மாறவில்லை. நம்மில் எத்தனை பேர் இதைப் பின்பற்றுகிறோம்?

இழுக்கும் வண்டி மட்டும்தான் கெடும் என்று எண்ண வேண்டாம். இழுக்கப்படும் வண்டியும் கெடும். நமது தெருவிலேயே ஒரு வியாபாரியின் பிக்அப், என்ஜின் பழுதாகி நின்றபோது, ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு லாரியில் கட்டி வேகமாக இழுத்து வந்தார்கள். "நியூட்ரலில்தானே வருகிறது, கியர்பாக்ஸுக்கு என்ன கேடு?" என்றுதான் அவரும் நினைத்தார். என்ஜினைச் சரிசெய்து ஓட்டிய முதல் வாரத்திலேயே கியர்பாக்ஸ் இறுகிப்போனது.

காரணம் இதுதான். பின்சக்கரம் ஓட்டும் வண்டிகள் பெரும்பாலானவற்றில், கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய்க்குள் முழுகியிருக்கும் பல்சக்கர வரிசை சுற்றினால்தான் எண்ணெய் மேலே தெறித்து எல்லாப் பாகத்துக்கும் போகும். என்ஜின் ஓடும்போது, நியூட்ரலில் நின்றாலும்கூட அது சுற்றும். என்ஜின் நின்றுவிட்டால் அது சுற்றாது. ஆனால் பின்சக்கரம் உருள்வதால் மேலே உள்ள ஷாப்ட் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். எண்ணெய் இல்லாமல் வெறும் இரும்போடு இரும்பு உரசும். சிறிது தூரம், மெதுவான வேகம் என்றால் தாங்கும். நெடுந்தூரம் வேகமாக இழுத்தால் தாங்காது. தூரம் அதிகமானால் பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து இழுக்க வேண்டும். அல்லது புரொபெல்லர் ஷாப்டைக் கழற்றிவிட்டு இழுக்க வேண்டும். எல்லாவற்றிலும் நல்லது, ரெக்கவரி வண்டியின் மேலேயே ஏற்றிக் கொண்டுபோவது.

இன்னொன்றும் உயிர் சம்பந்தப்பட்டது. என்ஜின் ஓடாத வண்டியில் பிரேக்குக்கு உதவி செய்யும் வேக்குவம் கிடைக்காது. இரண்டொரு முறை மிதித்த பிறகு பிரேக் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். சமதரையிலேயே இது ஆபத்து. மலைப்பாதையில் கேட்க வேண்டுமா? அன்று நமது ஓட்டுநரும் அந்த வண்டி ஓட்டுநரும் பத்திரமாக மேலே போய்ச் சேர்ந்தது நமது புண்ணியம் அல்ல, அவர்களுடைய திறமை. அந்தத் திறமைக்குத்தான் நாம் 12,000 ரூபாய் அபராதம் போட்டோம்.

"இன்ஷூரன்ஸ் இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். தேய்மானமும் இயந்திரப் பழுதும் வழக்கமான மோட்டார் இன்ஷூரன்ஸில் சேராது. இழுக்கப்படும் வண்டிக்கும் அதில் உள்ள சரக்குக்கும் வரும் சேதத்தை, இழுக்கும் வண்டியின் பாலிசியில் கேட்கவும் முடியாது. பாலிசித் தாளில் பொடி எழுத்தில் இருப்பதை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

எந்தக் குறி எதைச் சொல்கிறது

பழுது ஒரே நாளில் வருவதில்லை. முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதான் வருகிறது. ஓட்டுநர் வந்து "வண்டியில ஒரு சத்தம் வருது முதலாளி" என்றால், "சீசன் முடியட்டும் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுகிறோம். பாய் நமக்குச் சொல்லிக் கொடுத்த சில குறிகளை இங்கே தருகிறோம்.

1. என்ஜின் ஓடும்போது முதல் கியரும் ரிவர்ஸும் விழ மறுக்கிறது; என்ஜினை நிறுத்தினால் சுலபமாக விழுகிறது என்றால், பெரும்பாலும் கியர்பாக்ஸில் கோளாறு இல்லை. கிளட்ச் முழுவதும் விடவில்லை. கேபிளையோ கிளட்ச் ஆயிலையோ பார்த்தால் சிறு செலவில் முடியும். இதைத் தெரியாமல் கியர்பாக்ஸை இறக்கிப் பணம் கொடுத்தவர்கள் உண்டு.

2. மேட்டில் என்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட் தேய்ந்திருக்கலாம்; எண்ணெய் பட்டிருக்கலாம்.

3. கிளட்சை மிதித்ததும் ஒரு சத்தம் வந்தால் கிளட்ச் பேரிங். நியூட்ரலில் நிற்கும்போது வரும் சத்தம், கிளட்சை மிதித்ததும் நின்றால், கியர்பாக்ஸ் உள்ளே பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

4. ஒரு குறிப்பிட்ட கியருக்கு மாற்றும்போது மட்டும் அரைத்தால், அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்துவிட்டது.

5. பாரத்தில் இழுக்கும்போதோ ஆக்சிலேட்டரை விடும்போதோ கியர் கழன்று வந்தால் உடனே பட்டறைக்கு விடுங்கள். கையால் கியர் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஓட்டச் சொல்வது வண்டிக்கும் கேடு, ஆளுக்கும் கேடு.

6. வண்டிக்கு அடியில் எண்ணெய்க் கறை தெரிந்தால் அன்றே அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கியர்பாக்ஸுக்கும் பின்னால் உள்ள கிரவுனுக்கும் ஒரே எண்ணெய் என்று எண்ணி ஊற்றிவிடுகிறார்கள். பல வண்டிகளில் இரண்டும் வேறு. டப்பாவில் ஜி.எல்.4, ஜி.எல்.5 என்று போட்டிருக்கும். கிரவுனுக்கு ஏற்ற ஜி.எல்.5 எண்ணெயில் சேர்க்கும் சில மருந்துகள் கியர்பாக்ஸின் பித்தளை வளையங்களுக்கு ஆகாமல் போகலாம். வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதையே ஊற்றச் சொல்லுங்கள். விலை மலிவு என்று எதையாவது வாங்கி ஊற்றாதீர்கள். கலப்பட எண்ணெயின் கேட்டைப் பற்றி மளிகைக்காரர்களுக்கு நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஓட்டுநர் தவறே செய்வதில்லையா?

செய்வார்கள். கிளட்ச் பெடல்மேல் எப்போதும் காலை வைத்துக்கொண்டு ஓட்டுபவர்கள் உண்டு. மேட்டில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் அரை கிளட்சிலேயே வண்டியைத் தாங்குபவர்கள் உண்டு. வேகம் குறைந்த பிறகும் பெரிய கியரிலேயே முக்கி முக்கி ஏற்றுபவர்கள் உண்டு. இவையெல்லாம் பழக்கக் கோளாறு. சொல்லித் திருத்த வேண்டும். கேட்காதவரை மாற்றவும் வேண்டியதுதான். இதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் மூன்று கேள்விகளுக்கு முதலில் விடை சொல்லிவிட்டுப் பிறகு ஓட்டுநரைக் கேளுங்கள். எவ்வளவு பாரம் ஏற்றச் சொன்னது யார்? கடைசியாகக் கியர் ஆயில் மாற்றியது எப்போது? அவர் வேண்டாம் என்று சொன்ன வேலையைச் செய்யச் சொன்னது யார்? நமது விஷயத்தில் மூன்றுக்கும் விடை கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தது.

1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே, ஊழியரின் கவனக்குறைவால் நேரடியாக வந்த நஷ்டத்துக்குத்தான் பிடித்தம் செய்யலாம், அதுவும் அவர் பக்க நியாயத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே என்று எழுதி வைத்தார்கள். அது நம் கடைக்குப் பொருந்துமா, பொருந்தாதா என்ற வாதத்துக்குள் நாம் போகவில்லை. நியாயம் என்னவோ அதுதான். நாம் அவருக்கு வாய்ப்புக் கொடுக்கவில்லை. சொன்னபோதும் கேட்கவில்லை.

வேறு ஒரு லாபக் கணக்கும் இருக்கிறது. பிடித்தம் செய்ததில் நமக்குக் கிடைத்தது 6,000 ரூபாய். போனது ஏழு ஆண்டுப் பழக்கமுள்ள ஆள். எந்தக் கடைக்காரர் எப்போது திறப்பார், எங்கே பாக்கி இருக்கிறது, எந்த வளைவில் மழைக்கு மண் சரியும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். புது ஆளுக்கு அதைக் கற்றுக்கொடுக்க நமக்கு ஒரு வருஷம் ஆயிற்று. இன்னொரு கேடும் உண்டு. சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம் வந்துவிட்டால், அடுத்த ஓட்டுநர் சத்தம் வந்தாலும் சொல்லமாட்டார். மறைப்பார். 500 ரூபாயில் முடிய வேண்டிய ஆயில் சீல் வேலை, பல ஆயிரத்தில் வந்து நிற்கும்.

2024 செப்டம்பரில் அவர் வீட்டுக்குப் போய் 6,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். தவறு நம்முடையதுதான் என்றும் சொன்னோம். பணத்தை வாங்கிக்கொண்டார், காபி கொடுத்தார். திரும்ப வரும்படி கேட்டோம். "வேற இடத்துல ஒத்துக்கிட்டேன் முதலாளி, சொன்ன சொல்லு மாறக்கூடாதுல்ல" என்றார். இப்போது வேறொரு கடை வண்டி ஓட்டுகிறார். வழியில் பார்த்தால் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்.

சங்கத்துக்கு நமது வேண்டுகோள்

குறை சொல்லிவிட்டு நிறுத்துவது நமக்கு வழக்கமில்லை. செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவதாக, ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் அந்தப் பகுதியில் உள்ள ரெக்கவரி வண்டிக்காரர், கிரேன்காரர் இரண்டு மூன்று பேரிடம் பேசி, உறுப்பினர்களுக்கு ஒரு நியாயமான வாடகையை முடிவு செய்து, எண்களை அச்சிட்டுக் கொடுக்கலாம். ராத்திரி நேரத்தில் நடுவழியில் நிற்பவர் பேரம் பேசும் நிலையில் இருக்கமாட்டார். சங்கம் பகலிலேயே பேசி வைக்கட்டும்.

இரண்டாவதாக, சக வியாபாரியின் வண்டி நின்றால் வண்டியை இழுப்பதைவிடச் சரக்கை மாற்றி ஏற்றுவோம். அன்று நமது வண்டி மேலே போய்ச் சரக்கை இறக்கிவிட்டு, காலியாக வந்து அவர் சரக்கை ஏற்றிப் போயிருந்தால், அவர் வியாபாரமும் கெட்டிருக்காது, நமது வண்டியும் கெட்டிருக்காது. நான்கு மணி நேரம் தாமதம், அவ்வளவுதான். நின்ற வண்டியைக் கிரேன்காரர் பார்த்துக்கொள்வார். உதவி செய்ய வேண்டியதே. உதவும் வழியைத் தெரிந்து செய்ய வேண்டும்.

மூன்றாவதாக, அவரவர் வண்டிக்கு எத்தனை சிப்பம், எத்தனை டின் என்று கணக்குப் போட்டுக் குடோன் கதவில் எழுதி ஒட்டுங்கள். அதற்கு மேல் ஏற்றச் சொன்னால் மறுக்கும் உரிமையை ஓட்டுநருக்குக் கொடுங்கள். நமது குடோனில் ஒட்டியிருக்கிறோம். இரண்டு நடைக்குப் பதில் வாரத்தில் மூன்று நடை போகிறது. டீசல் செலவு கூடியது உண்மைதான். அதற்குப் பிறகு 2025 முழுவதும் கியர்பாக்ஸுக்கென்று நாம் செலவழித்தது எண்ணெய்க்கு மட்டுமே.

நான்காவதாக, ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைக்கிறோம். அதற்கு முதல் நாளே பட்டறைக்கு விட்டுக் கியர் ஆயில், கிரவுன் ஆயில், கிளட்ச் மூன்றையும் பார்த்துவிடும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வோம். தேதி மறக்காது. இடையில் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டர் வந்தால் அப்போதும் பார்க்க வேண்டும்.

கடைசியாக, பழுதுச் செலவை ஓட்டுநர் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கத்தை நம் உறுப்பினர்கள் கைவிட வேண்டும் என்று சங்கப் பொதுக்குழுவில் பேச வேண்டுகிறோம். குடித்துவிட்டு ஓட்டியது, அஜாக்கிரதையாக மோதியது போன்றவை வேறு. அவற்றைத் தனியாக விசாரித்துக்கொள்ளலாம். தேய்ந்துபோன பல்லுக்கும் கருகிப்போன கிளட்சுக்கும் முதலாளிதான் பொறுப்பு என்று நாம் ஒப்புக்கொண்டால்தான், வண்டியில் என்ன சத்தம் வருகிறது என்பது நமது காதுக்கு வந்து சேரும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அவசியம் இதழுக்கு எழுத வேண்டுகிறோம். தங்கள் வண்டி அனுபவத்தையும் எழுதுங்கள். ஒருவர் கொடுத்த 61,000 ரூபாய் பாடம், நூறு பேருக்கு இலவசமாகக் கிடைத்தால் அதுவும் ஒரு லாபம்தானே.